மரபியல் ஆலோசகர் படிப்பும் கல்விக்கடனும்: கையெழுத்திடுவதற்கு முன் கணக்குப் போடுவது எப்படி

அமெரிக்காவில் மரபியல் ஆலோசகராக விரும்பும் ஒருவர், எந்தப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு கடன் வாங்கிப் படிப்பது என்று முடிவெடுக்கும் அன்றே, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மருத்துவமனையில் நோயாளிகளின் எதிரில் அமர்வதா, பரிசோதனை நிறுவனத்தின் அலுவலகத்தில் அமர்வதா என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறார். அந்த நாளில் அது அவருக்குத் தெரிவதில்லை. பட்டம் பெற்று ஆறு மாதம் கழித்து முதல் தவணை அறிவிப்பு வரும்போதுதான் தெரிகிறது. அந்த அறிவிப்பு வரும்வரை காத்திராமல், விண்ணப்பிக்கும் காலத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்க்கும் வழியை இங்கே சொல்ல முயல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களை மனத்தில் வைத்தே பெரும்பகுதியை எழுதியிருக்கிறேன். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் செல்வோருக்கு விதிகள் வேறு என்பதால் அவர்களுக்கு இறுதியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தொழிலின் பொருளாதார அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள், கருவில் குறை இருக்கலாம் என்று கேள்விப்பட்ட தாய்மார்கள், காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் ஆகியோருக்குப் பரிசோதனையின் பொருளை விளக்கி, அவர்கள் தாமே முடிவெடுக்கத் துணை நிற்பது மரபியல் ஆலோசகரின் வேலை. இதற்கான முதல் முதுநிலைப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. இன்றும் இந்தத் தொழிலுக்குள் நுழைய இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டமும் அதன் பின் சான்றிதழ்த் தேர்வும் தேவை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் வகுப்போடு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு என்பதால், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பெரும்பாலோருக்கு இயலாது. பயிற்சிக்குச் சம்பளம் கிடைப்பது அரிது. சில சமயம் வேறு ஊருக்குச் சென்று தங்கவும் நேரும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி 2023-இல் இத்தொழிலின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 95,770 டாலர். இது நல்ல சம்பளமே. ஆனால் இத்தொகை அனுபவசாலிகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. புதிதாக வருபவர் இதற்குக் கீழேதான் தொடங்குவார். மேலும், மருத்துவர்களுக்கு இருப்பதைப் போலப் பிற்காலத்தில் சம்பளம் பல மடங்காக உயரும் வாய்ப்பு இங்கே இல்லை. அதற்கு ஒரு முக்கியமான காரணம், முதியோருக்கான மெடிகேர் காப்பீடு மரபியல் ஆலோசகர்களைத் தனியே கட்டணம் பெறத் தகுதியுள்ள சேவையாளர்களாக அங்கீகரிக்காதது. இதை மாற்றும் மசோதா அமெரிக்கக் காங்கிரசில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. ஆகவே பல மருத்துவமனைகளில் ஆலோசகரின் சம்பளம் அவர் ஈட்டித் தரும் வருமானத்திலிருந்து வராமல், துறையின் பொது நிதியிலிருந்து வருகிறது. அங்கே பேரம் பேச இடம் குறைவு. வணிகப் பரிசோதனை நிறுவனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அவை பொதுவாக அதிகம் தருகின்றன. கடன் ஒருவரின் தொழிலை வளைப்பது இந்த இடைவெளியில்தான்.

தரவரிசைப் பட்டியலுக்கு முன்

2018 முதல் இந்தப் படிப்புகளுக்கான சேர்க்கை 'மேட்ச்' என்ற முறையில் நடக்கிறது. நேர்காணல்கள் முடிந்தபின் விண்ணப்பதாரர் தமக்கு விருப்பமான படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார். கல்வி நிறுவனங்களும் தம் பட்டியலைக் கொடுக்கின்றன. கணினி பொருத்திப் பார்த்து ஏப்ரலில் ஒருவருக்கு ஓர் இடத்தை அறிவிக்கிறது. அந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே உதவித்தொகை அதிகம் என்று ஒப்பிட்டுத் தேர்வு செய்யும் வசதி இதில் கிடையாது. எனவே பணக் கணக்கைப் போட வேண்டிய நேரம் சேர்க்கை கிடைத்த பிறகல்ல, தரவரிசைப் பட்டியலைச் சமர்ப்பிப்பதற்கு முன். இதைத்தான் நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நேர்காணலின்போதே ஒவ்வொரு கல்லூரியிடமும் சில விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டு மாணவர்களில் எத்தனை பேருக்குக் கட்டணக் குறைப்பு கிடைத்தது, அது இரண்டாம் ஆண்டிலும் தொடர்ந்ததா, வெளிமாநில மாணவர் ஓராண்டு வசித்தபின் உள்மாநிலக் கட்டணத்துக்கு மாற முடியுமா, ஆசிரியர் உதவியாளர் பணி இருக்கிறதா, பயிற்சிக்காக வெளியூரில் தங்கும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பவை அவசியமானவை. பணத்தைப் பற்றிக் கேட்டால் தவறாக எண்ணுவார்களோ என்று நம் பிள்ளைகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. தெளிவாகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தைப் பட்டியலில் கீழே இறக்கலாம்.

பிறகு ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு ஆண்டுக் கட்டணம், அந்த ஊர் வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு, பயணம், சான்றிதழ்த் தேர்வு ஆகிய அனைத்தையும் கூட்டி, கையிலுள்ள சேமிப்பையும் உறுதியான உதவித்தொகையையும் கழித்துவிட்டு ஒரே ஓர் எண்ணை எழுதுங்கள். உள்மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் பெருநகரத்துத் தனியார் நிறுவனத்துக்கும் இடையே அந்த எண் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடலாம். தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அங்கீகாரம் பெற்ற எந்தப் படிப்பை முடித்தாலும் எழுதுவது ஒரே சான்றிதழ்த் தேர்வுதான். அத்தேர்வில் வென்றபின் கிடைக்கும் சம்பளத்தை நிர்ணயிப்பது கல்லூரியின் பெயரை விட, வேலை செய்யும் ஊரும் துறையுமே. ஆகவே மற்றவை ஏறத்தாழ சமமாக இருந்தால் மலிவான படிப்பை முதலில் வையுங்கள் என்பதே என் கருத்து.

2026 ஜூலை 1 என்ற எல்லைக்கோடு

பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு அமெரிக்க அரசு இரண்டு வகைக் கடன்களைத் தந்து வந்தது. நேரடிக் கடனில் ஆண்டுக்கு 20,500 டாலர் வரை பெறலாம். அதற்கு மேல் தேவைப்படுவதை, 2006-இல் தொடங்கிய கிராட் பிளஸ் கடன் மூலம், படிப்பின் முழுச் செலவு வரை பெற முடிந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இரண்டாவது வகையை, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு நிறுத்திவிட்டது. மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை பெறலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால் மரபியல் ஆலோசனை அந்தத் தொழிற்படிப்புகளின் வரிசையில் இடம்பெறவில்லை. ஆக, இரண்டு ஆண்டுக்கு அரசிடமிருந்து கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 41,000 டாலர். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்து, அந்தத் தேதிக்கு முன்பே கடன் பெற்றவர்களுக்கு மட்டும் படிப்பு முடியும்வரை பழைய வரம்பு தொடரும்.

மருத்துவமனை வாசலில் நின்று உயிர் சம்பந்தப்பட்ட முடிவுகளை விளக்கும் ஒரு தொழிலைத் தொழிற்படிப்பு அல்ல என்று ஒதுக்குவது நியாயம் என எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் கணக்கு, விதியை வைத்துத்தான் போட முடியும்.

41,000 டாலருக்கு மேற்பட்ட செலவைத் தனியார் கடனால் நிரப்ப வேண்டியிருந்தால், அந்தப் பகுதியைத் தனி நிறத்தில் எழுதி வையுங்கள். வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைக்கும் வசதியோ, பொதுச் சேவைக்கான தள்ளுபடியோ அதற்குக் கிடையாது. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கையெழுத்திடும் தந்தைக்கும் தாய்க்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையால் கட்ட முடியாத மாதத்தில் வங்கி அவர்களிடம் வரும். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாமல் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்பதை அவர்கள் தனியே யோசித்துப் பார்க்கட்டும்.

வட்டியையும் மறந்துவிடக்கூடாது. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் சலுகை 2012-லேயே முடிந்துவிட்டது. 2025–26 கல்வியாண்டின் நேரடிக் கடன் வட்டியான 7.94 சதவீதத்தை எடுத்துக்கொண்டால், முதல் ஆண்டில் பெற்ற 20,500 டாலர், படிப்பு முடிந்து ஆறு மாதச் சலுகைக் காலமும் கழியும்போது ஏறத்தாழ 23,800 ஆகியிருக்கும். இரண்டாம் ஆண்டுத் தொகையையும் சேர்த்தால் 41,000 டாலர் கடன் ஏறத்தாழ 46,000 டாலராக நம் முன்னே வந்து நிற்கும். தனியார் கடன் விண்ணப்பத்தில் காட்டப்படும் தவணைத் தொகையிலும் இதே வகை வட்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தள்ளுபடியை நம்பலாமா

2007-இல் இயற்றப்பட்ட பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தைப் பற்றி இத்துறையில் எல்லோரும் பேசுவார்கள். அரசு நிறுவனத்திலோ வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேரமாக வேலை செய்துகொண்டு, தகுதியான 120 மாதத் தவணைகளைக் கட்டினால், அரசுக் கடனில் எஞ்சியது தள்ளுபடியாகும். அதற்கு ஒன்றிய வருமான வரியும் கிடையாது. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பெரும்பாலானவை இதில் அடங்கும். வணிகப் பரிசோதனை நிறுவனங்கள் அடங்கா.

ஆனால் இத்திட்டத்தால் ஒருவருக்கு உண்மையில் நன்மை உண்டா என்பது கடனின் அளவைப் பொறுத்தது. பழைய விதியில் ஒரு லட்சம் டாலர் அரசுக் கடன், 8 சதவீத வட்டி, வரிக்குரிய வருமானம் 85,000 டாலர், மணமாகாதவர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு நிலையான தவணையில் மாதம் 1,213 டாலர் கட்ட வேண்டும். மொத்தம் 1,45,600 டாலர் அளவில் வரும். 2014 ஜூலைக்குப் பிறகு முதன்முதலில் கடன் பெற்றவர், வருமானம் சார்ந்த ஐ.பி.ஆர். திட்டத்தில் 2025-ஆம் ஆண்டு வறுமைக்கோட்டு அளவின்படி மாதம் 513 டாலர் கட்டுவார். சம்பளம் மாறாது என்று எளிமைக்காகக் கொண்டால், 120 மாதத்தில் 61,600 டாலர் கட்டியபின் மீதி தள்ளுபடி. வேறுபாடு 84,000 டாலர். சம்பளம் உயர உயர இந்த வேறுபாடு சுருங்கும், ஆயினும் பெரியதே.

இந்த 84,000-ஐப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 8,400 டாலர். அது வரி கட்டியபின் கையில் நிற்கும் தொகை. வரிக்கு முந்தைய சம்பளமாக மாற்றினால் ஏறத்தாழ 13,000 டாலர். அதாவது, இந்த நிலையில் உள்ள ஒருவருக்கு மருத்துவமனை வேலையை விடப் பரிசோதனை நிறுவனம் ஆண்டுக்கு 13,000 டாலருக்கு மேல் கூடுதலாகத் தந்தால்தான் பண வகையில் அது இலாபம். வேலைவாய்ப்புக் கடிதங்கள் இரண்டு கையில் இருக்கும்போது, சம்பள எண்களை மட்டும் ஒப்பிடாமல் இந்த வகுத்தலையும் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

புதிய விதியில் சேர்பவருக்கு நிலைமை தலைகீழ். அவருக்குக் கிடைக்கும் வருமானம் சார்ந்த திட்டம் ராப் எனப்படும் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டம் மட்டுமே. அதில் 85,000 டாலர் வருமானத்துக்கு 8 சதவீதம், அதாவது மாதம் 567 டாலர் கட்ட வேண்டும். அவருடைய 46,000 டாலர் அரசுக் கடனைப் பத்தாண்டில் முழுதாக அடைக்கத் தேவைப்படும் தவணையே 557 டாலர்தான். முதல் ஆண்டில் மாணவப் பருவத்து வருமானத்தை வைத்துத் தவணை குறைவாகக் கணக்கிடப்படலாம் என்றாலும், பத்தாண்டு முடிவில் தள்ளுபடியாக எஞ்சுவது சொற்பமே. இளநிலைப் படிப்பின் அரசுக் கடனும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் தள்ளுபடியில் பொருள் உண்டு. மற்றவர்களுக்கு, மருத்துவமனையில் இருக்க ஊக்கம் தந்த ஒரு காரணம் சத்தமின்றி நீங்கிவிட்டது. தோளில் இருப்பதோ தள்ளுபடியே இல்லாத தனியார் கடன். நோயாளிகளோடு வேலை செய்யவே இத்தொழிலுக்கு வந்தவர்கள் இதனால் அதை விட்டு விலக நேரும் என்பதுதான் என் பெரிய கவலை. கிராமப்புற மருத்துவமனைகளும் குழந்தைகள் நலப் பிரிவுகளும் ஆளின்றித் தவிக்கும்போது அதன் விலையை நோயாளிகள் கொடுப்பார்கள்.

ராப் திட்டத்தில் இருப்பவர்கள் ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அதன் விகிதம் 10,000 டாலருக்கு ஒரு படியாக ஏறுகிறது. 80,000 வரை 7 சதவீதம், அதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் மொத்த வருமானத்துக்கும் 8 சதவீதம். 85,000 டாலர் வருமானம் உள்ளவர் வரிக்கு முந்தைய ஓய்வூதியச் சேமிப்பில் மேலும் 5,000 டாலரைப் போட்டால் தவணை மாதம் 467 ஆகக் குறையும். ஆண்டுக்கு 1,200 டாலர் மிச்சம். சேமித்த 5,000 டாலரும் அவருடையதே.

வேலையை ஏற்கும்போது

தள்ளுபடியை நாடுபவர், தாம் எந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறோம் என்பதைப் பார்க்கக் கூடாது. ஆண்டு முடிவில் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் எந்த நிறுவனத்தின் பெயரில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொண்டு மருத்துவமனையின் உள்ளேயே அமர்ந்து வேலை செய்தாலும், சம்பளம் தருவது தொலைமருத்துவ ஆலோசனை நிறுவனமாகவோ ஆய்வக நிறுவனமாகவோ இருந்தால் அந்த மாதங்கள் கணக்கில் சேரா. கடிதத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் மாணவர் உதவித் தளத்தில் உள்ள தேடுகருவியில் சரிபாருங்கள். வாரம் 30 மணி நேரம் என்பது முழுநேரமாகக் கருதப்படும். தகுதியுள்ள இரண்டு இடங்களில் பகுதிநேரமாக வேலை செய்து அந்த 30-ஐ எட்டினாலும் செல்லும். இத்தொழிலில் இருப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள் என்பதால், குழந்தை பிறந்த பின் நேரத்தைக் குறைக்க எண்ணும்போது இந்த விதி பலருக்கும் குறுக்கே வரும். 28 மணி நேர வேலையை ஏற்பதற்கும் 30 மணி நேர வேலையை ஏற்பதற்கும் இடையே பல ஆயிரம் டாலர் தொங்கலாம்.

பரிசோதனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் கூடுதல் சம்பளத்தை நம்பி உடனே வீட்டுக்கடன் வாங்கிவிட வேண்டாம். அந்தத் துறை ஏற்ற இறக்கம் மிகுந்தது. மரபணுப் பரிசோதனையில் முன்னணியில் இருந்த இன்விட்டே நிறுவனம் 2022 ஜூலையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் வேலையை நீக்கியது. 2024 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஆகவே முதல் ஓராண்டில், கூடுதலாகக் கிடைக்கும் சம்பளத்தைக் கடனில் போடுவதற்கு முன், ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்குங்கள். அதன் பிறகே அதிக வட்டியுள்ள தனியார் கடனை அடைக்கத் தொடங்குங்கள். அரசுக் கடனைத் தனியார் வங்கிக்கு மாற்றி வட்டியைக் குறைப்பது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அப்படி மாற்றியதை மீண்டும் அரசுக் கடனாக்க முடியாது. வேலை போனால் தவணையைக் குறைக்கும் உரிமையும் அதோடு போய்விடும்.

எந்த வேலையானாலும் நிறுவனம் கல்விக்கடன் உதவி தருமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 5,250 டாலர் வரை ஊழியரின் கடனை நிறுவனம் கட்டினால் அத்தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 2020-இல் தற்காலிகமாக வந்த இந்தச் சலுகை இப்போது நிரந்தரமாகிவிட்டது. சம்பளத்தை உயர்த்த முடியாத மருத்துவமனைகூட இதற்கு இணங்கலாம். மணமாகிறவர்கள், கணவனும் மனைவியும் தனித்தனியே வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வருமானம் சார்ந்த தவணைக்குக் கடனாளியின் வருமானம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது கல்விக்கடன் வட்டிக்கான வரிக்கழிவு கிடைக்காது, வேறு சில சலுகைகளும் போகும். இரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கடனில்லாமல் படிக்கும் வழிகள் குறைவு. 2021-இல் வாரன் ஆல்பர்ட் அறக்கட்டளை, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் முன்னின்ற ஐந்து கல்வி நிறுவனக் கூட்டணிக்கு 95 லட்சம் டாலர் அளித்து, இத்தொழிலில் இடம் குறைவாகப் பெற்ற சமூகங்களைச் சேர்ந்த 40 மாணவர்களின் முழுக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்க வழிசெய்தது. இத்தொழிலில் வெள்ளையர் அல்லாதவர் ஏறத்தாழ பத்தில் ஒருவரே என்ற நிலையில் அத்தகைய உதவிகள் மிக அவசியமானவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் எவை திறந்திருக்கின்றன என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் நேரடியாகக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு

மாணவர் விசாவில் செல்பவருக்கு அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. ஆகவே மேலே சொன்ன தள்ளுபடியும் வருமானம் சார்ந்த தவணையும் இல்லை. இந்திய வங்கிக் கடனோ, வெளிநாட்டு மாணவருக்கான தனியார் கடனோதான் வழி. ரூபாயில் பெற்ற கடனின் வட்டிக்கு, பழைய வரி முறையில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு; ஆனால் இந்தியாவில் வரி கட்டும் வருமானம் இருந்தால்தான் அது பயன்படும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் பெறும் குடும்பங்கள், படித்து முடித்தவருக்கு அமெரிக்காவில் ஓராண்டு வேலை அனுமதிக்குப் பின் விசா கிடைக்காமல் போனால் இந்தியச் சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்ட முடியுமா என்ற கணக்கைத் தனியே போட வேண்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த தொண்டு மருத்துவமனைகளும் எச்-1பி விசாவின் ஆண்டு எண்ணிக்கை வரம்புக்கு வெளியே இருப்பதால், குலுக்கலுக்குக் காத்திராமல் எந்த மாதத்திலும் விண்ணப்பிக்கலாம். சம்பளம் குறைவு என்றாலும் இவர்களுக்கு மருத்துவமனை வேலையே பாதுகாப்பானது.

கடைசியாக, தள்ளுபடியை நாடும் அனைவரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குறிப்பிட்ட தேதியில், பிறந்தநாளாகக்கூட இருக்கலாம், வேலைச் சான்றுப் படிவத்தை நிரப்பி அனுப்பி, எத்தனை மாதம் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். வேலை மாறும்போது பழைய நிறுவனத்தை விட்டு நீங்குமுன் அதே படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பத்தாண்டு கழித்து, மூடப்பட்ட ஒரு துறையின் மேலாளரைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.